கழுகுக் கதவுக்கு முன்னால் எடுத்த படம்

97 வைகாசி 2, வெள்ளி

விடிந்ததில் இருந்து மண் நிறத்தில் ஒரு சூட்டுக் காற்று. யன்னலில் காயப்போட்ட சேலை முழுக்கப் புழுதி. ஆபிரிக்காவில் இருந்து வருகிற காற்றாம். இந்த ஊருக்குக் காற்றுக்கூடச் சொந்தமாக இல்லை.

நான் பலெர்மோ வந்து ஐந்து நாள். நேற்று மேதின லீவு, யோகனுக்கு அதுவும் இல்லை. மருமகள் வசந்தியைப் பார்க்க வந்த இரண்டு பெண்கள் பேரப்பிள்ளைகளை விசாரித்தார்கள். சொல்லும்போது ஜெர்மனிப் பேரனை மறந்துவிட்டேன். இனி விடுபடக் கூடாது. வரிசையாக எழுதி வைக்கிறேன்.

- மூத்த மகளின் மகன் ரமணன், கனடா. என்ஜினியர் படிப்பு, கடைசி வருடம். இரண்டு தரம் மேடையில் ஏறிப் பரிசு.
- அவன் தங்கை. வயலின். அரங்கேற்றத்துக்கு மண்டபம் காணாமல் வாசலிலும் ஆட்கள் நின்றார்கள்.
- இளைய மகளின் மகன், ஜெர்மனி. ஜெர்மன் பாஷையில் ஜெர்மன்காரப் பிள்ளைகளைவிடக் கூடுதல் புள்ளி. ஆசிரியை வீடு தேடி வந்து சொன்னாள்.
- மகன் யோகனின் மூத்தவள் சுகந்தி, 24 வயது, கொழும்பில் என்னோடு. ஏ.எல். நாலு பாடமும் முதல் தரத்திலேயே பாஸ். கம்பனியில் கணக்கு வேலை. தனி மேசை, தனி ரெலிபோன். ஊரில் பக்கத்து வீட்டுக்காரியின் மகள் மூன்று தரம் எடுத்தாள். மூன்று தரமும் சோதனை நாளில் அவளுக்குக் காய்ச்சல்.
- யோகனின் இளையவள் அபி, இங்கே, ஒன்பது வயது. வகுப்பில் முதலாம் பிள்ளை. இத்தாலி பாஷையில் சண்டை பிடிக்கிறாள், இரண்டு கையாலும்.
- யோகன். நாற்பத்தெட்டு வயது, பிள்ளைகள் வரிசையில் வரமாட்டான். இருந்தாலும் எழுதுகிறேன். பலெர்மோ மாநகரசபைக் கந்தோரில் வேலை.

கந்தோர் என்று சொன்னால் போதாது. அரண்மனை. வாசலுக்கு மேலே கல்லில் ஒரு கழுகு. அந்தக் கதவுக்கு முன்னால் யோகன், நீலக் கோட்டு, கழுத்துப்பட்டி, கையில் சிவப்பு ஃபைல். எட்டு வருடத்துக்கு முன் அனுப்பிய படம். ஊரிலும் சுவரில் இருந்தது, இடம்பெயர்ந்து கொழும்பு வந்த பிறகு வெள்ளவத்தையிலும் சுவரில். இப்போது என் கைப்பைக்குள்.

சுகந்தியின் சம்பந்தமும் இந்தப் படத்தால் வந்ததுதான். எங்கள் ஒழுங்கையில் இருக்கும் சரசம்மா. அவளுடைய மகன் மிலானில், பாங்கில் வேலை. குறிப்புப் பொருந்தியது. அப்போதும் அவள் வாயைக் கோணித்தான் வைத்திருந்தாள். படத்தைக் காட்டி, சுகந்தியின் தகப்பன் மாநகரசபையில் பெரிய ஆள் என்றேன். உடனே நான் இருக்க உள்ளே இருந்து நல்ல கதிரை வந்தது. "போய் மகனோடை கதைச்சுப்போட்டுச் சம்மதம் எண்டு எழுதுங்கோ. ஆனிக்குள்ளை முடிவு வேணும்."

யோகன் வெளிக்கிட்டபோது சுகந்திக்குப் பதினைந்து. பிறகு மனைவியையும் அபியையும் கூப்பிட்டான். அதற்குள் இவளுக்குப் பதினெட்டு தாண்டிவிட்டது. தாண்டினால் பிள்ளை இல்லையாம், இந்த நாட்டுச் சட்டம். ஒன்பது வருடம் தகப்பன் முகம் இல்லை. இந்தக் கலியாணம் நடந்தால் எல்லோரும் ஒரே நாட்டில்.

கந்தோரைக் காட்டு என்று மூன்று நாளாகக் கேட்கிறேன். "பொறணை அம்மா, லீவு வரட்டும்" என்கிறான். ஆறு மணிக்குப் போகிறான், இரவு ஒன்பதுக்கு வருகிறான். கந்தோர்க்காரரை இப்படிப் பிழிகிற அரசாங்கம்.

வைகாசி 4, ஞாயிறு

காற்று நின்றது. புழுதி நிற்கிறது.

எல்லோரும் உடுத்திக்கொண்டு வெளிக்கிட்டோம். நாலு மாடிப் படி இறங்கவே என் கால் போய்விட்டது. வியா மக்வேதா வழியாக நடை. கடைகள் பூட்டு. பூட்டாவிட்டாலும் வாங்க ஒன்றும் இல்லை, எல்லாம் சப்பாத்து.

நாலு சந்தி. நாலு மூலையிலும் வளைந்த சுவர். ஒவ்வொரு சுவரிலும் கீழே ஒரு சிலை, நடுவில் ஒரு ராசா, மேலே ஒரு புனிதை. நாலும் கரி. எங்கள் குசினிப் புகைக்கூடு இதைவிட வெளிச்சம். வெள்ளைக்காரர் நடுச்சந்தியில் நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள், கார் வந்து இடிக்கும் என்ற எண்ணம் இல்லை.

அதற்கு அடுத்தாற்போல் படி ஏறினால் பியாற்சா. சதுக்கத்துக்கு இங்கே அப்படிப் பெயர். நடுவில் பென்னாம்பெரிய மாபிள் தொட்டி, வட்டத்துக்குள் வட்டம். தண்ணீர் கணுக்காலுக்கும் காணாது. சுற்றிவரச் சிலைகள். ஆண், பெண், தாடி வைத்த கிழவன், ஒன்றின் மேலும் ஒரு முழத் துணி இல்லை. பாதிக்கு மூக்கில்லை, சிலதுக்குக் கை இல்லை. இருக்க வேண்டாதது மட்டும் இருக்கிறது.

அபியின் கண்ணைப் பொத்தினேன். விரலுக்குள்ளால் பார்த்துச் சொல்கிறாள்: "அப்பம்மா, ஸ்கூலாலை கூட்டிக்கொண்டு வந்தவை. நாங்கள் எண்ணினனாங்கள்."

யோகன்: "எங்கடை கோபுரத்திலை இல்லையோ அம்மா?"

"கோபுரத்திலை இருக்கிறவை நகை போட்டிருக்கினம். முகத்திலை ஒரு களை இருக்கு. இதுகள் பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரியெல்லோ நிக்குதுகள்."

வசந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இஞ்சத்தை ஆக்களே இதை வெக்கச் சதுக்கம் எண்டுதான் சொல்லுறவை, மாமி."

வெட்கம் என்று பெயரும் வைத்து, கம்பி வேலியும் போட்டு, பரம்பரை பரம்பரையாகச் சுற்றி நின்று பார்க்கிறார்கள். ஒரு பக்கம் மாதா கோயில் வேறு.

மற்றப் பக்கம் கழுகு. படத்தில் இருப்பதைவிடச் சின்னக் கழுகு. கதவு பெரிதுதான். பூட்டியிருந்தது. தொட்டுப் பார்த்தேன்.

"உன்ரை மேசை எந்தப் பக்கம்?"

"ஞாயிற்றுக்கிழமை பூட்டணை." சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

அந்தக் கதவடியில் எங்கள் ஆட்கள் கூட்டம். நாலைந்து குடும்பம், கமெராவோடு ஒருவன். ஊருக்கு அனுப்பப் படம் எடுக்கிறார்கள். கோட்டு ஒன்றுதான். ஒருவன் கழற்ற மற்றவன் போடுகிறான். பின்னால் முறைக்கு நிற்பவர்கள் தங்கள் கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு தயார்.

"வயித்தை உள்ளை இழுங்கோ அண்ணை! ஃபைலைப் பிடியுங்கோ, ஃபைல்! ஓரத்திலை நிக்கிற ஆள் கையை எடுங்கோ, படத்திலை விழுது!"

வெட்கம் கெட்ட சனம். சொந்தமாக ஒரு கோட்டு இல்லாதவன் என்ன படத்துக்கு.

ஃபைல் சிவப்பு. உலகத்தில் சிவப்பு ஃபைல் ஒன்றுதானா இருக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகு கைப்பையைத் திறக்கவில்லை.

முழங்கால் வீக்கம். சித்தாலேபைக் களிம்பு பூசியது.

வைகாசி 6, செவ்வாய்

வெயில். மு.ப. 9 மணிக்கு வீட்டில் ஒருவரும் இல்லை. வசந்தி நாலைந்து மாடிக் கட்டிடங்களில் படி துடைக்கிறாள், அதை மறைக்கவில்லை. அபி பள்ளிக்கூடம்.

சமைத்தேன். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, முட்டைப் பொரியல். வாழையிலை இல்லாத நாடு, ஈயத் தாளில் கட்டினேன். இவன் தகப்பன் கச்சேரிக் கந்தோரில் வேலை செய்த காலம் முழுக்க நான்தான் மத்தியானச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தது. இவனுக்கும் கொடுத்தால் கந்தோரில் நாலு பேர் பார்ப்பார்கள், தாய் வந்திருக்கிறாள் என்று.

வழி பிழைக்கவில்லை. ஒரே ரோட்டு.

கதவு திறந்திருந்தது. சீருடை போட்ட காவல்காரன். பார்சலைக் காட்டினேன், படத்தைக் காட்டினேன். "யோகன், யோகன்" என்றேன். படத்தை வாங்கிப் பார்த்தான். உள்ளே இருந்து இன்னொருவனைக் கூப்பிட்டான். இரண்டு பேரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். அது கெட்டதாக இருந்திருந்தால் நல்லது.

வெளியே வந்து, படத்தில் யோகன் நின்ற அதே கல்லைக் காட்டினான். பிறகு விரலால் கமெரா பிடிக்கிற மாதிரி, டிக், டிக், டிக். எத்தனை பேரை அந்தக் கல்லில் பார்த்தானோ. விரலுக்குப் பாஷை தேவையில்லை.

அப்போது உள்ளே இருந்து கையில் கடதாசிகளோடு ஒரு தமிழ்ப் பெண் இறங்கி வந்தாள். மன்னார்ப் பிள்ளை, பெயர் பிலோமினா. பதிவுக் கடதாசி எடுக்க வந்தவள்.

"ஆச்சி, ஆரைத் தேடுறியள்?"

"என்ரை மகனை. இஞ்சைதான் வேலை."

"இஞ்சையோ?" படத்தை வாங்கினாள். "ஐயோ ஆச்சி, எங்கடை ஆக்கள் இஞ்சை வேலை செய்யிறேல்லை. படம்தான் எடுக்கிறது. என்ரை மனுசன் அனுப்பின முதல் படமும் இதே கல்லிலைதான்."

"உன்ரை மாமி என்ன நினைச்சா?"

"மேயராக்கும் எண்டு நினைச்சா." சிரித்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "எந்த யோகன் ஆச்சி? லிபெர்த்தா ரோட்டிலை ஒரு பணக்காரச் சிஞ்ஞோராவைப் பாக்கிற யோகண்ணையோ? தங்கமான மனுசன். அந்தக் கிழவியைக் குழந்தைப்பிள்ளை மாதிரித் தூக்கி, குளிக்க வாத்து..."

"காணும் பிள்ளை, நிப்பாட்டு."

என் மகனுக்கு ரோட்டில் போகிறவளிடம் நற்சான்றிதழ்.

பார்சலைத் திருப்பிக் கொண்டுபோக மனம் வரவில்லை. சதுக்கத்துப் படியில் இருந்து இரண்டு பேரும் சாப்பிட்டோம். மூக்கில்லாதவன் ஒருவன் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். குழம்பில் உப்புக் கூடிவிட்டது. அவள் சொல்லவில்லை, இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினாள்.

வைகாசி 7, புதன்

விடிய ஐந்தரை. தேத்தண்ணியோடு குசினியில் நின்றேன். யோகன் வந்தான். படத்தை மேசையில் வைத்தேன்.

"இது ஆற்றை கோட்டு?"

தேத்தண்ணியை ஊதினான்.

"உன்னைத்தான் கேக்கிறன்."

"தாசன் எண்டு ஒருத்தன்ரை. இப்ப பிரான்ஸிலை."

"ஃபைல்?"

"அதுக்குள்ளை ஒண்டும் இல்லையணை."

"எட்டு வருஷம் பொய் சொன்னியோ எனக்கு?"

"நான் எங்கையணை சொன்னனான்? பின்னாலை திருப்பிப் பாருங்கோ, என்ன எழுதியிருக்கு?"

திருப்பினேன். 'பலெர்மோ. நான் சுகம்.' அவ்வளவுதான். மாநகரசபை, பெரிய ஆள், எல்லாம் நான் போட்டது.

"இல்லையெண்டும் நீ எழுதேல்லை."

"எழுத இருந்தனான். அதுக்கிடையிலை உங்கடை கடிதம் வந்திட்டுது. மகனுக்கு அரசாங்க வேலை எண்டு கோயிலிலை பொங்கி, ஊருக்கெல்லாம் வடை குடுத்தனியள். பிறகு என்னெண்டு எழுதுறது?"

வடைக்காக எட்டு வருடம்.

சப்பாத்துக்கு நூல் கட்டக் குனிந்தவன் நிமிரவே இல்லை. "நாளைக்கு, நாளையிண்டைக்கு வந்து பாருங்கோவன் என்ரை கந்தோரை" என்று நிலத்துக்குச் சொல்லிவிட்டுப் போனான்.

பிழையில் பாதி என்னுடையது. பாதிதான்.

ஆனால் சரசம்மாவுக்குச் சொன்னது என் வாய். சுகந்தியின் சம்பந்தம் அந்த ஒரு சொல்லில் நிற்கிறது. இது தெரிந்தால் அந்தக் கதிரை திரும்ப உள்ளே போய்விடும்.

வைகாசி 8, வியாழன்

வசந்தியோடு வுச்சீரியாச் சந்தைக்குப் போனது. தக்காளி நல்லது. மீன்காரர் செத்தவீடு மாதிரிக் கத்துகிறார்கள். மூலையில் ஒருவன் மாட்டு மண்ணீரலைக் கொழுப்பில் பொரித்துப் பாணுக்குள் வைத்து விற்கிறான். கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்ட துரைமார் வரிசையில் நிற்கிறார்கள் அதற்கு. நகரத்துக் கனவான்கள்.

கடலைமாவில் ஒரு தகடு பொரிக்கிறார்கள், அது பரவாயில்லை. மிளகாய்த்தூள் போட்டிருந்தால் சாப்பாடு என்று சொல்லலாம்.

வாங்கியது: தக்காளி, சூடை மீன், வெள்ளைப்பூடு. கொழும்புக்கு ரெலிபோன் எடுக்கவில்லை. எடுத்தால் சுகந்தி அப்பாவின் கந்தோரைக் கேட்பாள்.

வைகாசி 9, வெள்ளி

லிபெர்த்தா. பஸ்ஸில் போனது. வரிசையாக மரம், ரோட்டில் ஒரு கடதாசி இல்லை, சத்தமும் இல்லை. கூட்டுக்குள் வைத்துத் தூக்குகிற லிஃப்ட். வீட்டுக்குள் எட்டு அறை, இருக்கிறது ஒருத்தி.

சிஞ்ஞோரா. வீட்டுக்கார அம்மா, தொண்ணூறு வயது இருக்கும். என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். நானும் பார்த்தேன். சேலைத் தலைப்பைத் தொட்டு ஏதோ கேட்டாள்.

யோகன்: "துணி நல்லதாம். தோய்ச்சால் சாயம் போகுமோ எண்டு கேக்கிறா."

"போகாதெண்டு சொல்லு. அவவின்ரை திரைச்சீலைக்குப் போயிட்டுதெண்டும் சொல்லு."

எதைச் சொன்னானோ, கிழவி சிரித்தாள். பல் செயற்கை.

இவனை 'ஜொவான்னி' என்று கூப்பிடுகிறாள். பெற்றவள் உயிரோடு இருக்கப் பெயரை மாற்றி வைத்திருக்கிறாள். இவனும் ஓடி ஓடிப் போகிறான். சொந்த மகன் ரோமாபுரியில், நத்தார்ப் பண்டிகைக்கு மட்டும் வருவானாம்.

சூப்பு. உப்பில்லை, மிளகில்லை, கொதித்த தண்ணீரில் மாத்துண்டு. மார்பில் துணி கட்டி, கரண்டி கரண்டியாக ஊதி ஊதிக் கொடுத்தான். வாயோரம் வழிந்ததைப் பெருவிரலால் துடைத்தான். பிறகு இடுப்பில் கை கொடுத்துத் தூக்கி, சாய்கதிரையில் இருத்தி, கால் இரண்டையும் சேர்த்து வைத்துப் போர்வை. தலை வாரி வகிடு எடுத்தான். வகிடு நேர்.

ஒரு ஆம்பிளை இவ்வளவு பதமாக ஆளைத் தூக்கி நான் கண்டதில்லை.

ஊரில் நான் கிணற்றடியில் விழுந்து கால் முறிந்து மூன்று மாதம் கிடந்தபோது என்னைத் தூக்கியது சுகந்தி. பதினாறு வயது, ஈர்க்குமாதிரி உடம்பு. இவன் சுவரில் படமாக நின்றான்.

அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வரும்போது கிழவி கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. குளிர்ந்த கை.

வைகாசி 11, ஞாயிறு

பி.ப. 3. கொழும்பில் இருந்து சுகந்தி எடுத்தாள். மற்றவர்கள் பியாற்சாவுக்கு. நான் போகவில்லை, பார்த்தது போதும்.

"அப்பம்மா, சரசம்மா மாமி ஒவ்வொரு நாளும் வாறா. கடிதம் வந்ததோ எண்டு."

"வரும் எண்டு சொல்லு."

"இன்னொண்டும் கேக்கச் சொன்னவ. அப்பாவின்ரை கந்தோராலை அவருக்கு அங்கை ஒரு நல்ல வேலை எடுக்கேலாதோவாம். மிலான் குளிராம், பெர்மெஸ்ஸோவும் கரைச்சலாம்."

பெர்மெஸ்ஸோ என்பது இந்த நாட்டில் இருக்க விடுகிற கடதாசி.

"பாங்கிலை இருக்கிறவருக்கு என்னத்துக்கடி வேறை வேலை?"

"நானும் அதைத்தான் நினைச்சனான். கேக்கேல்லை."

"உனக்குப் பெடியனைப் பிடிச்சிருக்கோ?"

"படத்திலை என்ன தெரியும் அப்பம்மா. கலியாணம் செய்தால் அப்பா அம்மாவோடை ஒரே நாடு எண்டு நினைச்சனான். அவ்வளவுதான்." பிறகு: "அப்பா மெலிஞ்சிட்டாரோ? அவற்றை கந்தோர் பாத்தனீங்களோ?"

"பாத்தனான். பெரிய கதவு."

காசு முடிந்து கட்டாகிவிட்டது. நல்லது.

சூட்கேஸில் இருந்து மாப்பிள்ளைப் பெடியனின் படத்தை எடுத்தேன். பாங்கு வாசல் என்று சரசம்மா தந்தது. வானளவு வளைவு, பெடியன் கோட்டோடு. கோட்டுக் கை விரல் நுனி வரைக்கும். ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு, இன்னொருவனின் கை. அந்தக் கையில் மடித்துப் போட்ட ஒரு கம்பளிச் சட்டை.

முறைக்கு நிற்கிறான்.

யோகன் வந்ததும் முகத்துக்கு முன்னால் பிடித்தேன். "இது பாங்கோ?"

"மிலான் பியாற்சாவிலை கடைத்தெரு வாசலணை. புறாவுக்குத் தீன் போடுற இடம்."

"எப்ப தெரியும் உனக்கு?"

"நீங்கள் வந்து காட்டின அண்டைக்கே."

"உன்ரை பிள்ளையின்ரை கலியாணம். அப்ப ஏன்டா வாய் திறக்கேல்லை?"

"என்ன வாயாலை அம்மா திறக்கிறது?"

படத்தை மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

வசந்தி: "விடுங்கோ மாமி. அவையும் மறைச்சினம், நாங்களும் மறைச்சம். சரிக்குச் சரி. இஞ்சை கலியாணம் செய்த பாதிப் பேர் இப்பிடித்தான். நானும் மாநகரசபை எண்டு நம்பித்தானே வந்தனான். வந்து இறங்கின அண்டைக்கு ஒரு பாட்டம் அழுதன். அடுத்த நாள் வாளியைத் தூக்கினன்."

இதை ஐந்து வருடமாக அவளும் சொல்லவில்லை. சொல்லும்போது தக்காளி வெட்டிக்கொண்டிருந்தாள், கத்தி நிற்கவில்லை. யோகன் எழும்பி வெளியே போனான்.

வைகாசி 12, திங்கள்

மூட்டம். மழை வரும் மாதிரி, வரவில்லை. இங்கே எதுவும் சொன்னபடி செய்வதில்லை.

முழுநாளும் யோசனை. வசந்தி சொன்னதில் நியாயம் இருக்கிறது. பேசாமல் 'சம்மதம்' என்று ஒரு வரி எழுதினால் போதும். சுகந்தி வந்துவிடுவாள். தகப்பனைக் காண்பாள்.

ஆனால் அவள் என் கையில் வளர்ந்தவள். மிலானில் இறங்கின மூன்றாம் நாள் சோறு கட்டுவாள். பாங்கு எது என்று விசாரித்துப் பார்சலோடு போய் ஒரு வாசலில் நிற்பாள். ஒருவன் வந்து விரலால் டிக், டிக் என்று காட்டுவான். எனக்கு எழுபத்திரண்டு வயது, தாங்கினேன். அவளுக்கு யார் அருகில்?

வசந்தி தாங்கினாள்தான். யாரும் கேட்காததால் தாங்கினாள்.

வைகாசி 14, புதன்

முடிவு சொன்னேன். உண்மையை எழுதப் போகிறேன், படத்தோடு.

யோகன்: "வெள்ளவத்தை முழுக்கச் சிரிக்கும் அம்மா."

"சிரிக்கட்டும். அதிலை பாதிப் பேற்றை பிள்ளையளும் ஏதோ ஒரு கதவுக்கு முன்னாலைதான் நிக்குதுகள்."

"சம்பந்தம் குழம்பினால்?"

"குழம்பினால் குழம்பினதுதான்."

சொல்லிவிட்டேன். குழம்பினால் சுகந்திக்கு இன்னும் எத்தனை வருடம் தகப்பன் முகம் இல்லாமல் போகுமோ.

கமெராக்காரன் வந்தான். ஞாயிறுகளில் பியாற்சாவில் கத்துகிற அதே ஆள். "ஆச்சி, பியாற்சாவிலையே எடுப்பம். வெளிச்சம் நல்லம், பின்னாலை எடுப்பா இருக்கும்."

"அந்த அம்மணக் கூட்டத்தின்ரை எடுப்பு எங்களுக்கு வேண்டாம், தம்பி."

லிபெர்த்தாவுக்கே கூட்டிப் போனேன். சிஞ்ஞோராவின் குசினி. யோகன் ஏப்ரன் கட்டி, கையில் பேசின், தோளில் துவாய். சிரிக்கத் தெரியாமல் நின்றான். கிழவி தன்னையும் எடுக்கச் சொல்லி அடம். தலையை வாரச் சொன்னாள், பவளமாலை எடுத்துவரச் சொன்னாள். கடைசியில் கதிரையோடு தள்ளிக்கொண்டு வந்து மகனுக்குப் பக்கத்தில் வைத்தது. படத்தில் மகாராணி மாதிரி அவள்தான் இருக்கப் போகிறாள்.

கமெராக்காரன் போகும்போது மெதுவாகக் கேட்டான்: "ஆச்சி, உண்மையா அனுப்பப் போறியளோ?"

"ஓம்."

"என்ரை அம்மாவுக்கு நான் இஞ்சை ஸ்ரூடியோ வைச்சிருக்கிறன் எண்டு எழுதியிருக்கிறன்." பிறகு காசு வாங்காமல் போனான்.

வைகாசி 17, சனி

படம் வந்தது. யோகனுக்குக் கண் பாதி மூடியிருக்கிறது. கிழவி நான் சொன்ன மாதிரியே. வசந்தி நெடுநேரம் பார்த்தாள். "இவர் வேலையிலை நிக்கிறதை நானே இப்பதான் காணுறன்" என்றாள்.

கடிதம் எழுதியாயிற்று. மூன்று தரம் கிழித்து நாலாம் தரம். என்ன எழுதினேன் என்று பிறகு மறுக்காமல் இருக்க இதில் பார்த்து எழுதி வைக்கிறேன்.

அன்பின் சரசம்மாவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். என் மகன் மாநகரசபையில் வேலை என்று உங்களுக்குச் சொன்னேன். அப்படி இல்லை. அவன் சொன்னதும் இல்லை, நானே கட்டிச் சொன்னது. அவன் ஒரு வயதுபோன அம்மாவைப் பார்க்கிறான். சாப்பாடு கொடுப்பது, குளிக்க வார்ப்பது, தூக்கி இருத்துவது. இத்துடன் இருக்கும் படம் அவன் வேலை செய்யும் இடத்தில் எடுத்தது. பக்கத்தில் மாலை போட்டிருப்பவதான் அந்த அம்மா, சம்பந்தி என்று நினைக்க வேண்டாம்.

அவனால் உங்கள் மகனுக்கு வேலையோ பெர்மெஸ்ஸோவோ எடுத்துத் தர ஏலாது. இதை அறிந்து உங்களுக்குச் சம்பந்தம் வேண்டாம் என்றால் ஒரு வரியில் எழுதுங்கோ. கோபிக்க மாட்டேன்.

வேண்டுமென்றால் ஒரு காரியம். நீங்கள் தந்த படத்தில் இருப்பது பாங்கு அல்ல, மிலானில் ஒரு கடைத்தெரு வாசல். தம்பி கோப்பை கழுவுகிறாரோ, கோழிக்கடையில் நிற்கிறாரோ, என் பேத்திக்கு அது குறையில்லை. ஆனால் தாலி கட்ட முதல் அவள் அதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். ஆனபடியால், வேலை உடுப்போடு, வேலை செய்யும் இடத்தில் நின்று எடுத்த புதுப் படம் ஒன்றை உடனே தபாலில் போடச் சொல்லுங்கோ.